கோயாவுக்கும் பிக்காசோவுக்கும் நடுவில் ஸ்பெயினில் சொல்லிக்கொள்ளும்படி ஓவியர் யாருமே இல்லையா?

கோயா இறந்தது 1828. பிக்காசோ பிறந்தது 1881. நடுவில் உள்ள அரை நூற்றாண்டைக் கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பாரிஸுக்கே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அதனால் இப்படிக் கேட்கத் தோன்றுவதில் வியப்பில்லை. என்னைக் கேட்டால் தயங்காமல் ஒரு பெயர் சொல்வேன்: மரியானோ ஃபோர்த்தூனி.

1838இல் கத்தலோனியாவின் ரெயுஸ் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். வளர்த்தவர் தாத்தா. தச்சுத் தொழிலாளியான அவர் மெழுகுப் பொம்மைகளும் செய்வார். 1852இல் பேரனை பார்சலோனாவுக்கு அழைத்துப் போனார். அங்கே கலைப்பள்ளி, பிறகு உதவித்தொகையில் ரோம். இதுவரை அந்தக் காலத்து நல்ல மாணவன் எவனுக்கும் நடக்கக்கூடியதுதான்.

1860இல் ஸ்பெயின் மொராக்கோவோடு போரில் இருந்தது. போர்க் காட்சிகளை வரைந்து வரும்படி பார்சலோனா மாகாண மன்றம் இவரை அனுப்பியது. அங்கே இவரை உலுக்கியது போரைவிட வெயில்தான் என்பேன். வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை அதற்குப் பிறகு இவர் விடவே இல்லை. போரை வரையவேண்டிய ‘தெதுவான் போர்’ ஓவியமோ ஒன்பது மீட்டருக்கும் மேல் நீளம். ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார், முடியவில்லை. கடைசியில் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புகழைக் கொண்டுவந்தது, ஒரு மீட்டர்கூட அகலமில்லாத ‘லா விகாரியா’. தேவாலயத்தின் உள்ளறையில் ஒரு திருமணப் பதிவு. வயதான மாப்பிள்ளை மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போடுகிறார், பெண்ணுக்கோ தோழியோடு பேச்சு. பின்னால் இரும்புக் கிராதி, அதன் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரியும். 1870இல் பாரிஸில் கூபில் என்ற ஓவிய வணிகர் இதைக் காட்சிக்கு வைத்தார். 70,000 பிராங்குக்கு விலைபோனது. விமர்சகர் தியோஃபில் கோத்தியே புகழ்ந்து எழுதினார்.

அப்புறம்தான் சிக்கல். சந்தைக்கு அதே மாதிரி இன்னொன்று வேண்டும். பட்டும் சரிகையும் போட்ட பழங்காலத்து மனிதர்கள், நுணுக்க வேலை. கைத்திறன் அசாத்தியம்தான், ஆனால் எனக்கு அந்த வகைப் படங்கள் சீக்கிரமே திகட்டிவிடுகின்றன. கிரானடாவில் குடியிருந்தபோது 1871 வாக்கில் வரைந்த ‘வெயிலில் நிர்வாண முதியவர்’ அப்படியல்ல. கண்களை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டி நிற்கிறார் கிழவர். நெஞ்செலும்பும் சுருங்கிய தோலும் அத்தனை துல்லியம். கீழே போகப் போக வெறும் தூரிகை வீச்சு மட்டும்தான். முடிக்காமல் விட்ட இடம்தான் அந்தப் படத்தின் உயிர்.

1874 கோடையில் நேப்பிள்ஸ் அருகே போர்த்திச்சி கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனார். இனி எனக்குப் பிடித்ததை எனக்காக வரைவேன் என்ற பொருளில் அங்கிருந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். மாமனாருக்குப் பரிசாகத் தன் குழந்தைகளை வரையத் தொடங்கியதும் அங்கேதான். மகள் திண்டில் சாய்ந்திருக்கிறாள், பின்னால் ஜப்பானியச் சுவர்த்திரையில் பட்டாம்பூச்சிகள். அந்தப் படமும் முடியவில்லை. நவம்பர் 21ஆம் தேதி ரோமில் இறந்துபோனார், வயது 36. காரணம் மலேரியா என்பார்கள். நுணுக்கத்தை விட்டு, மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சத்தை விரைவான தூரிகை வீச்சில் பிடித்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் பாரிஸில் முதல் கண்காட்சி நடத்தியதும் அதே ஆண்டுதான். இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் எந்தப் பக்கம் போயிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன்.

முதியவரும் குழந்தைகளும் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள், தெதுவான் பார்சலோனாவில். இணையத்தில் தேடும்போது ‘ஃபோர்த்தூனி மார்சால்’ என்று தேடுங்கள். வெறும் ஃபோர்த்தூனி என்றால் வெனிஸில் பட்டுக் கவுன்கள் தைத்துப் பேர் வாங்கிய மகன்தான் முதலில் வருவார். அவருக்கும் அதே பெயர்.