பெண்களின் தலைமையைப் பற்றி அறிய ஃபெலோஷிப் பெற்று வெளிநாடு சென்று வருவதால் உண்மையில் என்ன பயன்?

இணையத்தில் படித்தே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்துக்காக விமானம் ஏற வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு முறைதான் அப்படிப் போய் வந்திருக்கிறேன் என்பதால், அந்த அனுபவத்தை மட்டும் வைத்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் பெண்களுக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. 2023 அக்டோபரில் மூன்று வாரங்கள் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் தங்கியிருந்தேன். "பெண்கள் எப்படித் தலைவர்கள் ஆகிறார்கள்?" என்பதுதான் விண்ணப்பத்தில் நான் எழுதிக்கொடுத்த கேள்வி. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு முந்தைய மாதம்தான் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அங்கே சந்தித்தவர்களில் பலர் அதைப் பற்றி ஆவலோடு விசாரித்தார்கள். உள்ளாட்சியில் தமிழ்நாடு 2016 முதலே பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது என்று சொன்னபோது வியந்தார்கள். ஏனெனில், அவர்களுடைய நாடாளுமன்றமான அல்திங்கியில் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் ஒன்றுகூடக் கிடையாது.

ஒதுக்கீடு இல்லாத நாட்டில் பெண்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்பதே என்னை மிகவும் ஈர்த்தது. 1915-இல் வாக்குரிமை கொடுத்தபோதுகூட நாற்பது வயது கடந்த பெண்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். முதல் பெண் உறுப்பினரான இங்கிபியோர்க் பியார்னாசன் 1922-இல் அல்திங்கிக்குள் நுழைந்தார். கல்லாலான அந்தப் பழைய கட்டடத்தின் அருகில் 2015-இல் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் நுழைந்து அறுபது ஆண்டுகள் ஆன பிறகும், 1983 தேர்தலுக்கு முன் அறுபது உறுப்பினர்களில் மூன்று பேர்தான் பெண்கள். கல்வியும் வாக்குரிமையும் இருந்தால் காலப்போக்கில் தானாகவே எல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த அறுபது ஆண்டுகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேக்கத்தை உடைத்தது 1975 அக்டோபர் 24. அன்று அந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒருசேர நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் என்ற சொல்லுக்குப் பலர் தயங்கியதால், "பெண்களின் விடுமுறை நாள்" என்று பெயர் வைத்து எல்லாக் கட்சிப் பெண்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டே கால் லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில், தலைநகரின் நடுவிலுள்ள சதுக்கத்தில் மட்டும் சுமார் 25,000 பேர் கூடினார்கள். தந்தையர் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். சட்டென்று சமைத்துக் கொடுக்க எளிதான சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனது. அடுத்த ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில், மணமுறிவு பெற்று, தத்தெடுத்த மகளைத் தனியாக வளர்த்துவந்த நாடக அரங்க இயக்குநரான விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர், மூன்று ஆண் வேட்பாளர்களைக் குறுகிய வாக்கு வேறுபாட்டில் வென்று குடியரசுத் தலைவரானார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர்தான். பெண்கள் தங்களுக்கென்று தொடங்கிய கட்சி 1983-இல் மூன்று இடங்களை வென்றபோது, மற்றக் கட்சிகளும் பெண்களை நிறுத்த வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகி, அல்திங்கியில் பெண்களின் எண்ணிக்கை ஒரே தேர்தலில் மூன்றிலிருந்து ஒன்பதாயிற்று.

இவ்வளவையும் நீங்கள் சொல்வதுபோல இங்கிருந்தே படித்துவிடலாம்; நானும் போவதற்கு முன்பே படித்திருந்தேன். ஆனால், நான் அங்கிருந்தபோது அதே அக்டோபர் 24 மறுபடியும் வந்தது. 1975-க்குப் பிறகு முதன்முறையாக முழு நாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்திருந்தார்கள். எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டிய பெண்கள் யாரும் அன்று வரவில்லை. பிரதமராக இருந்த கட்ரின் யாகப்ஸ்டோட்டிரும் பணிக்குச் செல்லவில்லை. ஆர்னார்ஹோல் குன்றின் சரிவு முழுவதும், கம்பளித் தொப்பி அணிந்த பாட்டிகளும் தோளில் பேத்திகளுமாகக் கூட்டம் நின்றது. 2005-இலும் 2016-இலும் 2018-இலும் இதே நாளில் முறையே 2:08, 2:38, 2:55 மணிக்குப் பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள் என்று பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் விளக்கினார். ஆண்களின் சராசரி வருமானத்தோடு ஒப்பிட்டால், ஒன்பது மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடியும் வேலை நாளில் பெண்களுக்குரிய கூலி அந்த நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது என்பது கணக்கு. பதின்மூன்று ஆண்டுகளில் நாற்பத்தேழு நிமிடங்கள்தான் நகர்ந்திருக்கின்றன. ஊதிய வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லி நான் வேறெங்கும் கேட்டதில்லை.

என் கேள்வியை மாற்றியது இன்னொரு இடம். நகராட்சி நடத்தும் மழலையர் பள்ளி ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். குளிர் காதைக் கடித்துக்கொண்டிருந்த அந்தப் பகலில், வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்த தள்ளுவண்டிகளில், கனத்த கம்பளிக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரியக் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு அழைத்துப் போக வந்தவர்களில் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சரிபாதி. ஒரு தந்தை ஈரத் தரையில் முழங்காலிட்டு மகளுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிவிட்டபடியே, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மாதக்கணக்கில் விடுப்பெடுத்து வீட்டிலிருந்ததைச் சாதாரணமாகச் சொன்னார். தந்தைக்கென்று தனியே மூன்று மாதங்களை ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அந்த விடுப்பு வீணாகும்படி 2000-இல் சட்டம் செய்தவர்கள் அவர்கள். இப்போது மொத்தம் பன்னிரண்டு மாதங்கள். ஆளுக்கு ஆறு, அதில் ஆறு வாரங்களை மட்டும் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம். குறைகளும் உண்டு: விடுப்பு முடிவதற்கும் மழலையர் பள்ளியில் இடம் கிடைப்பதற்கும் நடுவில் விழும் மாதங்களைத் தாய்மார்களே பெரும்பாலும் சுமக்கிறார்கள். ஆனாலும், நம் ஊரில் பெண்ணின் பெயரில் நாற்காலி இருந்தும் கிடைக்காத ஒன்று, நாற்காலி ஒதுக்காத அந்த நாட்டில் பெண்களுக்குக் கிடைத்திருந்தது. அது நேரம்.

எங்கள் பயிற்சிகளுக்கு மனைவியோடு கூடவே வந்து, முதல் வரிசையில் அமர்ந்து, அவர் சார்பில் பதிலும் சொல்லும் கணவர்களைப் பல ஆண்டுகள் பார்த்துச் சலித்திருக்கிறேன். தலைவரம்மாவுக்குத் துணிச்சல் போதவில்லை என்று நினைத்து, மேடைப் பேச்சுக்கும் ஊராட்சிச் சட்டத்துக்கும் வகுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனேன். அவர் விடியற்காலையில் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மாமனாருக்கு மருந்து கொடுத்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறார் என்பதை அறிந்திருந்தும், அதை என் பாடத்தின் பகுதியாக நான் கருதியதே இல்லை. அது என் தவறு.

திரும்பி வந்தபின் செய்த மாற்றங்கள் சிறியவை. தொலைவிலுள்ள நகரத்து அரங்குகளை விட்டுவிட்டு, அங்கன்வாடிக்கு அருகிலேயே பயிற்சியை வைக்கிறோம்; பிள்ளைகள் வீடு திரும்புவதற்குள் முடித்துவிடுகிறோம். பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "நீங்கள் இங்கே இருக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொள்வது யார்?" மாமியார், அம்மா, மூத்த மகள் என்றே பெரும்பாலோர் எழுதுகிறார்கள். எப்போதாவது "கணவர்" என்று எழுதிய படிவம் வந்தால், அதைத் தனியே எடுத்து வைத்து, பயிற்சியின் கடைசி நாளன்று அந்தக் கணவரை மட்டும் அழைத்து, மற்றக் கணவர்களிடம் பேசச் சொல்கிறேன்.