கவுன்சில் மறுத்துவிட்டது: மாமிக்குக் கீழே அறை கட்ட வேறு வழி உண்டா?

கேள்வி: வடமேற்கு லண்டனில் செமி வீடு (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது) ஒன்றில் இருக்கிறோம். மாமிக்கு பார்க்கின்சன் நோய். படியேற முடிவதில்லை. வீட்டின் பின்பக்கம் 6 மீட்டர் நீளத்தில் ஒற்றைத் தளமாக எக்ஸ்டென்ஷன் கட்டி, அவருக்கு ஒரு படுக்கையறையும் குளியலறையும் அமைக்க விண்ணப்பித்தோம். பக்கத்து வீட்டாரும் இன்னும் மூன்று பேரும் எதிர்த்து எழுதினார்கள். ஐந்து வாரத்துக்கு முன் கவுன்சில் மறுத்துவிட்டது. அதே தெருவில் இன்னொரு வீட்டில் இதே அளவில் கட்டியிருக்கிறார்கள். ‘கட்டிவிட்டு நாலு வருஷம் பொறுத்தால் போதும்’ என்கிறார் ஒரு நண்பர். கவுன்சிலரைப் பார்த்தால் பலன் இருக்குமா?

பதில்: சகோதரி, முதலில் நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். அனுமதியின்றிக் கட்டியது நான்கு வருடம் தாண்டிவிட்டால் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது என்ற அந்த விதி, இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு கட்டி முடித்தவற்றுக்குக் கிடையாது. இப்போது பத்து வருடம். வேண்டுமென்றே மறைத்துக் கட்டினால் அந்தப் பத்து வருடமும் உங்களைக் காப்பாற்றாது. சரே பகுதியில் ராபர்ட் ஃபிட்லர் என்ற விவசாயி வைக்கோல் கட்டுகளை அடுக்கி அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய வீட்டையே கட்டினார். பல வருடம் வழக்காடியும், கடைசியில் 2016இல் அதை இடிக்க வேண்டியதாயிற்று. இடிக்கச் சொல்லும் அமலாக்க நோட்டீசுக்குக் கீழ்ப்படியாவிட்டால் அது குற்றவழக்கு. உங்கள் விஷயத்தில் பக்கத்து வீட்டார் ஏற்கெனவே கண்வைத்திருக்கிறார்கள். புகார் போக ஒரு வாரம்கூட ஆகாது.

கவுன்சிலரும் இனி உதவ முடியாது. முடிவெடுக்கும் முன்பு அவர் நினைத்திருந்தால் விண்ணப்பத்தைக் கவுன்சிலின் திட்டமிடல் குழுவுக்குக் கொண்டுபோயிருக்கலாம். முடிவு வந்தபின் அதை அவரால் மாற்ற இயலாது.

நான்கு எதிர்ப்புக் கடிதங்கள்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். கவுன்சில் கடிதங்களை எண்ணுவதில்லை, அவற்றில் சொல்லப்பட்டது திட்டமிடல் சம்பந்தப்பட்ட காரணமா என்றுதான் பார்க்கும். கவுன்சில் இணையதளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டு அதிகாரியின் அறிக்கையை எடுத்து வாசியுங்கள். நீங்கள் எனக்கு அனுப்பிய கவுன்சிலின் மறுப்புக் கடிதத்தில் இருக்கும் காரணம் ஒன்றுதான்: 6 மீட்டர் சுவர் பக்கத்து வீட்டின் வெளிச்சத்தையும் பார்வையையும் அடைக்கும் என்பது. அடுத்தவர் ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் கோடு இழுத்து, சுவர் அதைத் தாண்டுகிறதா என்று பல கவுன்சில்கள் பார்க்கின்றன. அப்படியானால் நீளம்தான் பிரச்சினை.

தெருவிலுள்ள அந்த வீட்டின் விண்ணப்பக் கோப்பையும் அதே தளத்தில் பாருங்கள். அனுமதி வாங்கிக் கட்டியிருந்தால், இதே கொள்கையின் கீழ் ஏன் அவர்களுக்கு ஆம், உங்களுக்கு இல்லை என்று கேட்கலாம். விண்ணப்பமே தேவைப்படாத முறையில் கட்டியிருந்தால் அந்த உதாரணத்துக்குப் பெரிய பலம் இல்லை.

மேல்முறையீடு உண்டு, கட்டணமும் கிடையாது. ஆனால் மறுப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 12 வாரத்துக்குள், மேல்முறையீட்டை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு மிச்சம் ஏழு வாரம். அங்கே வரைபடத்தை மாற்ற முடியாது, அதே 6 மீட்டரைத்தான் வாதாட வேண்டும். வீட்டு எக்ஸ்டென்ஷன் மேல்முறையீடுகளில் பெரும்பாலானவை தோற்கின்றன. என் அபிப்பிராயத்தில் உங்கள் காரணமும் தோற்கும் பக்கமே.

எனக்கு நல்லதாகத் தெரிவது வேறு. 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணைப்படி, செமி வீட்டின் பின்பக்கம் 3 மீட்டர் வரை ஒற்றைத் தளம் கட்ட விண்ணப்பமே தேவையில்லை. உயரம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் கூரை விளிம்பு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. அளவு முதலில் கட்டப்பட்ட வீட்டின் பின்சுவரிலிருந்து. முந்தைய உரிமையாளர் ஏதாவது சேர்த்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். 3 மீட்டர் போதாது என்பீர்கள். படுக்கையறையைப் புதிய பகுதியில் வைக்க வேண்டியதில்லையே! இப்போதைய பின் அறையை மாமிக்குக் கொடுத்து, குளியலறையையும் சாப்பாட்டு இடத்தையும் புதிய பகுதிக்குத் தள்ளுங்கள். உள்ளே அறைகளை மாற்ற பிளானிங் அனுமதி வேண்டாம். வீடு பழைமை பேணும் பாதுகாப்புப் பகுதியில் (கன்சர்வேஷன் ஏரியா) இல்லை, விண்ணப்பமின்றிக் கட்டும் உரிமையைக் கவுன்சில் பறிக்கவும் இல்லை என்று உறுதிசெய்து, கட்டுவது சட்டப்படி சரி என்று கவுன்சில் தரும் சட்டபூர்வச் சான்றிதழ் ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டை விற்கும்போது கேட்பார்கள்.

3 முதல் 6 மீட்டர் வரை முன் ஒப்புதல் வழியும் உண்டு. கவுன்சில் பக்கத்து வீட்டாருக்கு 21 நாள் அவகாசம் கொடுக்கும், 42 நாளில் பதில் சொல்லும். அவர்கள் எதிர்க்கத்தான் செய்வார்கள். எனவே இதில் 6 மீட்டரை மறுபடி வைக்காதீர்கள். 4 மீட்டரென்றால் முயன்று பார்க்கலாம்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது, உங்கள் வரைபடக்காரர் அனுப்பிய விண்ணப்பத்தில் மாமியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது. ‘சமையலறை விரிவாக்கம்’ என்று மட்டும் இருக்கிறது. ஊனமுற்றவர் வசதிக்காக வீட்டை விரிவாக்கினால் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. மறுத்தபின் ஒருமுறை இலவசமாகத் திரும்ப விண்ணப்பிக்கும் சலுகையை 2023 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள் என்பதால் இது உங்களுக்கு முக்கியம். 2010 சமத்துவச் சட்டத்தின்படி அவருடைய நிலையைக் கவுன்சில் கவனத்தில் எடுக்கவும் கடமைப்பட்டது. கட்டடம் ஆட்களைத் தாண்டி நிற்கும் என்பதால் அதுமட்டுமே அனுமதி வாங்கித் தராது. ஆனால் 4 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் இடையிலான தயக்கத்தைத் தீர்க்கப் போதும். மருத்துவர் கடிதத்தோடு, தொழில்வழிச் சிகிச்சையாளரின் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) மதிப்பீட்டையும் கேளுங்கள்.

அந்த மதிப்பீடு இன்னொன்றுக்கும் வேண்டும். ஊனமுற்றோர் வசதி மானியம் என்று 30,000 பவுண்டு வரை கவுன்சில் தருகிறது. மாமியின் விசாவில் அரசு உதவிக்குத் தடை இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். உங்கள் சம்பளத்தை அல்ல, அவருடைய வருமானத்தையும் சேமிப்பையும்தான் பார்ப்பார்கள். மானியம் உறுதியாகும் முன் வேலையைத் தொடங்கினால் பணம் வராது. ஆகவே பில்டரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டட விதிமுறை அனுமதியும், பார்ட்டி வால் (பொதுச்சுவர்) சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கான நோட்டீசும் தனி. நோட்டீசை அனுப்பும் முன் நீங்களே போய் 4 மீட்டர் வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள்.