பழைய இதழில் சொல் தேடுவது எப்படி?

கேள்வி: என் ஆய்வுக்காக 1930களின் தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்திருக்கிறேன். அவற்றில் சொல் தேட முடியவில்லையே, ஏன்?

பதில்: ஸ்கேன் கோப்பு வெறும் படம்தான்; அதைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்ற வேண்டும். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் எடுத்து, சாய்ந்த பக்கங்களை நேராக்குங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்துக்குக் கீழே எழுத்து வரும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும். பெரிய பிடிஎஃபைத் துண்டாக்குங்கள்.

இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தை அப்படியே ஏற்றினால் இடது வரியும் வலது வரியும் கலந்துவிடலாம். நடுவில் வெட்டித் தனித்தனியாக ஏற்றுவதே நல்லது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். அவற்றை முதலில் சரிபாருங்கள். மேற்கோள் எடுக்கும் ஒவ்வொரு வரியையும் படத்தோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள்.