பிராம்ப்ட் வாங்கினால் படம் நமக்கு மட்டுமா?

கேள்வி: திருப்பூரில் டி-ஷர்ட் அச்சிட்டு விற்கிறேன். மிட்ஜர்னி என்ற AI படக் கருவிக்கான பிராம்ப்ட் (படம் வரையச் சொல்லும் எழுத்துக் கட்டளை) ஒன்றை ஆன்லைனில் காசு கொடுத்து வாங்கினேன். இப்போது கிட்டத்தட்ட அதே படத்தை வேறொருவரும் அச்சிடுகிறார். தடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. இத்தகைய விற்பனையில் உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதிதான்; அதே பிராம்ப்ட்டை இன்னும் பலருக்கு விற்க, விற்றவருக்குத் தடையில்லை. உரிமையே கைமாற வேண்டுமானால், பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19ஆம் பிரிவுப்படி அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தேவை. பணம் கட்டிய ரசீது அதற்கு ஈடாகாது. ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

எழுதி வாங்கினாலும் பலன் குறைவுதான். 'கோயில் யானை, வாட்டர்கலர், பொன்னிற ஒளி' என நாலு சொல்லைக் கோத்தால் அது படைப்பாகாது. நீளமான, சொந்தமான பிராம்ப்ட் என்றால் அந்த வாசகத்துக்குப் பாதுகாப்பு கேட்கலாம். பாணிக்குக் கேட்க முடியாது. படத்தின் நிலை இன்னும் சிக்கல். குறைந்தது 624 பிராம்ப்ட் கொடுத்து உருவாக்கியதாகச் சொல்லப்பட்ட படத்துக்கே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023-இல் பதிவு மறுத்தது. நம் சட்டத்தின் 2(டி)(6) கணினி உருவாக்கும் படைப்புக்கு 'உருவாகக் காரணமானவரே' ஆசிரியர் என்கிறது. அது பிராம்ப்ட் எழுதியவரா, அதை ஓட்டியவரா? சட்டத்தில் விடை இல்லை.

இன்னொரு ஓட்டை: மிட்ஜர்னியில் படமும் பிராம்ப்ட்டும் இயல்பாகவே எல்லார் கண்ணிலும் படும். மறைக்கும் ஸ்டெல்த் வசதி ப்ரோ, மெகா திட்டங்களில்தான். ரகசியம் என்று வாங்கியதை முதல் நாளே நீங்களே வெளியே விட்டிருக்கலாம்.

அந்தப் படத்தின் மேல் நீங்கள் கையால் வரைந்து சேர்த்ததும், எழுத்து வடிவமைத்ததும் உங்களுடையவை. லேயர் கோப்புகளைத் தேதியோடு வைத்திருங்கள். கடைப் பெயருக்கு டிரேட்மார்க் தனியாகப் பதியலாம்.

கேள்வி: மாதிரியில் காட்டிய படம் எனக்கு வரவேயில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: மிட்ஜர்னியின் பதிப்பு எண், சீட் எண் (படம் தொடங்கும் எண்), ஸ்டைல் ரெஃபரன்ஸ் (பாணியைக் காட்டும் படம் அல்லது குறியீடு), பிராம்ப்ட்டோடு சேர்த்துக் கொடுத்த படம் இவற்றில் ஒன்று விடுபட்டாலும் முடிவு மாறும். விற்றவரிடம் இவற்றைக் கேட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தர மறுத்தால், விளம்பரத்தையும் உங்களுக்கு வந்த படத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தளம் தரும் கெடுவுக்குள் புகார் செய்யுங்கள். இந்திய விற்பனையாளர் என்றால் அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வெளிநாட்டுத் தளம் என்றால், கார்டில் கட்டியிருந்தால், வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் கோரிக்கை) கேட்பதே நடைமுறையில் வேகமான வழி.