யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாளன்று யூதர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பது உடலை வதைக்கும் மூடப் பழக்கம்தானே?

"மூடப் பழக்கம்" என்ற சொல்லுக்காகவே எழுத உட்கார்ந்தேன். யூத நண்பர் யாரோ உங்கள் வீட்டு விருந்துக்கு வர மறுத்திருப்பார், அந்த வருத்தத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஜெருசலேமில் ஒரு மூதாட்டியைப் பல ஆண்டுகள் உடனிருந்து பராமரித்தவள் நான். இஸ்ரேல் அரசியலைப் பற்றி இங்கே எதுவும் பேசவில்லை. அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எல்லா யூதர்களும் ஒரே மாதிரி என்றும் சொல்லவில்லை. நோன்பு இருக்காதவர்களும் அங்கே உண்டு.

முதல்நாள் பொழுது சாய்வதற்கு முன் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை ஏறக்குறைய 25 மணி நேரம். உணவு, தண்ணீர், குளியல், தோல் செருப்பு எதுவும் கூடாது. விமான நிலையமே மூடிக் கிடக்கும். காலியான நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள்.

பாட்டிக்குச் சர்க்கரை நோய். ஆனாலும் முழு நோன்பு இருந்தே தீருவேன் என்று பிடிவாதம். மருத்துவர் கூடாது என்றார். யூத மதகுருவான ரபி அவரைவிடக் கண்டிப்பு: உயிருக்கு ஆபத்து என்றால் உண்பதுதான் கட்டளை, பட்டினி கிடப்பதுதான் பாவம் என்று சொல்லிவிட்டார். அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மருந்து ஊற்றும் சிறு கோப்பையில் 30 மி.லி. தண்ணீர்; ஒன்பது நிமிடம் கழித்து மறுபடியும் அதே அளவு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். வெள்ளை உடையும் துணிச் செருப்புமாக உட்கார்ந்திருந்த பாட்டி, ஒவ்வொரு முறையும் பிரார்த்தனை நூலை மூடி வைத்துவிட்டுத்தான் கோப்பையை வாங்கினார். இதில் மூடத்தனம் எங்கே இருக்கிறது?

பட்டினியைவிடக் கடினமானது அதற்கு முந்தைய நாட்களில் நடப்பது. கடவுளுக்குச் செய்த பிழையைத்தான் இந்த நாள் போக்கும்; சக மனிதனுக்குச் செய்ததை அவனிடமே போய்ச் சமாதானம் செய்தாக வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்ட நூலான மிஷ்னா. நெடுநாள் பேசாதிருந்த தங்கைக்குப் பாட்டி போன் செய்தார். பிறகு என்னை எதிரே உட்கார வைத்து, "கோபத்தில் உன்னிடம் கத்தியிருக்கிறேன், மன்னித்துவிடு" என்றார். சம்பளத்துக்கு வந்தவளிடம்!

   

உங்கள் நண்பரிடம் "பசிக்கவில்லையா?" என்று துருவாதீர்கள். நோன்புக்கு முன் பார்த்தால் "க்மார் ஹதிமா தோவா" (கடவுளின் தீர்ப்பு உங்களுக்கு நல்லதாக முடியட்டும்) என்று வாழ்த்துங்கள். விருந்தை வேறொரு நாளுக்கு மாற்றினால் நிச்சயம் வருவார்.