தலசீமியா இருப்பவருக்கு முதுகெலும்பு ஓரமாகக் கட்டி தெரிந்தால் அது புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் அண்ணனுக்குத் தலசீமியா இண்டர்மீடியா (பரம்பரை ரத்தசோகையான தலசீமியாவில் நடுத்தரக் கடுமை உள்ள வகை), ரத்தம் ஏற்றியதே அபூர்வம், இப்போது மார்பு எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இருபுறமும் கட்டி போலத் தெரிகிறது, 'எலும்பு மஜ்ஜைக்கு வெளியே ரத்தம் உற்பத்தியாகிறது' என்று டாக்டர் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே இண்டர்மீடியாதான், கட்டிகளும் அதே இடத்தில்தான். அது ரத்தம் தயாரிக்கும் திசு. இருக்கக்கூடாத இடத்தில் வளர்ந்திருக்கிறது.

ஏன் வருகிறது? பீட்டா தலசீமியாவில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி போதுமான அளவு உருவாவதில்லை. ஜோடி கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் செல்லுக்குள்ளேயே படிந்து, முதிர்வதற்கு முன்பே சிவப்பணுவை மஜ்ஜையில் சாகடித்துவிடுகின்றன. ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனை மேலும் மேலும் சுரக்கிறது. அதைக் கேட்டு மஜ்ஜை பல மடங்கு பெருகுகிறது. முக எலும்பும் நெற்றியும் புடைப்பது இதனால்தான். அதுவும் போதாமல் போனால், கருவில் இருந்தபோது ரத்தம் தயாரித்த கல்லீரலும் மண்ணீரலும் பழைய வேலைக்குத் திரும்புகின்றன. முதுகுப் பக்கக் கட்டிகள், மெலிந்துபோன எலும்பைத் தாண்டி மஜ்ஜை வெளியே பிதுங்குவதால் வருபவை என்பது பரவலான விளக்கம்.

"ரத்தம் ஏற்றாமலே 7, 8 ஹீமோகுளோபினில் சமாளிக்கிறான்" என்று வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். உடம்பு சமாளிப்பது நிஜம். ஆனால் அதற்கான விலையை எலும்பும் மண்ணீரலும் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. கடுமையான வகையான தலசீமியா மேஜர் உள்ள பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே முறையாக ரத்தம் ஏற்றி, அடுத்த முறை ஏற்றப் போகும்போதுகூட ஹீமோகுளோபின் 9.5 முதல் 10.5 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். மஜ்ஜை அடங்கியிருப்பதால் அவர்களுக்கு இந்தக் கட்டிகள் வருவது மிகக் குறைவு. இண்டர்மீடியாவிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. இன்னொன்று, ரத்தம் ஏற்றாதவருக்கும் குடல் வழியாக இரும்பு அதிகமாகச் சேரும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. என்னுடைய படத்தில் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் முண்டுமுண்டாக, ஓரம் வழவழப்பாக இருந்தன. எலும்பை எங்கும் அரித்திருக்கவில்லை. தலசீமியா உள்ளவருக்கு இப்படி ஒரு படம் இருந்தால், இது என்ன கட்டி என்று முடிவுசெய்யப் பெரும்பாலும் அதுவே போதும். உடனே ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், ரத்தவியல் மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். ரத்த ஓட்டம் மிகுந்த திசு, கசிவு ஆபத்து உண்டு.

கட்டி சும்மா இருந்தால் கண்காணித்தாலே போதும், பலருக்கு ஆயுள் முழுக்க எதுவும் செய்வதில்லை. முக்கியமாகப் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். மார்புப் பகுதியில் தண்டுவடம் போகும் வழி குறுகலானது, கட்டி அதற்குள் வளர்ந்து தண்டுவடத்தை அழுத்தலாம். என்னைப் பரிசோதிக்கும்போது மருத்துவர் கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பார். அழுத்தம் இருந்தால் அதைச் சரியாகச் சொல்ல முடியாமல் போகலாம். வீட்டில் கவனிக்க வேண்டியவை: புதிதாக முதுகு வலி, கால் மரத்துப்போவது, நடக்கும்போது தள்ளாடுவது, படி ஏறக் கால் கனப்பது, சிறுநீர் கழிப்பதில் மாற்றம். கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் போக்கு மாறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தள்ளிப்போட்டால் பலவீனம் நிரந்தரமாகிவிடலாம்.

சிகிச்சை உண்டு. ரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினை உயர்த்தினால் மஜ்ஜைக்கு வேலை குறைந்து கட்டியும் சுருங்கும். இந்தத் திசு கதிர்வீச்சுக்குச் சீக்கிரம் அடங்கும், குறைந்த அளவே போதும். கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் தருவார்கள். எனக்கு அதுதான் போகிறது. அழுத்தம் கடுமையாக இருந்தால் அறுவை சிகிச்சை. ரத்தசோகையைக் குறைக்கும் லஸ்பாடர்செப்ட் என்ற புதிய ஊசி பற்றிப் பேச்சு வந்தால், இந்தக் கட்டி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து எடுத்தவர்களில் சிலருக்குக் கட்டி வளர்ந்ததாக எச்சரிக்கை இருக்கிறது.

அப்புறம், ரத்தம் ஏற்றத் தொடங்குவதாக இருந்தால், முதல் பாட்டிலுக்கு முன்பே விரிவான ரத்த வகைப் பரிசோதனை செய்துவிடச் சொல்லுங்கள். பெரியவரான பிறகு ஏற்றத் தொடங்குபவர்களுக்கு, ஏற்றிய ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகும் வாய்ப்பு அதிகம். அது உருவாகிவிட்டால் பொருத்தமான ரத்தம் கிடைப்பதே பெரும்பாடு. ஏ, பி, ஓ மட்டும் பார்க்காமல், ஆர்.எச். உட்பிரிவுகள், கெல் என்ற மற்ற ரத்த வகைகளும் பொருந்துகிற ரத்தமாகக் கேளுங்கள்.