மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது: கழற்றிவிட்டால் பில் குறையுமா?

கேள்வி: திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் சொந்த வீடு. வயரிங் செய்து 22 வருடம் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி நேரம் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி) விழுந்துவிடுகிறது. போன இரண்டு மாதக் கணக்கில் 540 யூனிட் வந்திருக்கிறது. "அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிட்டால் தொல்லையும் இல்லை, கரண்ட்டும் மிச்சம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். கூடவே 1,800 ரூபாய்க்கு 'பவர் சேவர்' பெட்டி ஒன்று மாட்டித் தருகிறாராம். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை ஒன்றுதான். ஃபேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். குறைந்தால், வேறு எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். சுவர் வழியாகவோ, மோட்டார் உடம்பு வழியாகவோ, உங்கள் உடம்பு வழியாகவோ. வீடுகளுக்கு மாட்டுவது 30 மில்லி ஆம்பியர் வகை. ஒழுகல் அந்த அளவுக்கு வருவதற்குள் விழுந்துவிடும்.

பில் கணக்குக்கு வருவோம். 230 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் என்றால் சுமார் 7 வாட். அறுபது நாளும் இடைவிடாமல் ஒழுகினாலும் 10 யூனிட்தான். கருவியைக் கழற்றிவிட்டீர்கள், ஈரச் சுவரில் அரை ஆம்பியர் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் மட்டும் விழும் எம்.சி.பி.க்கு அது கண்ணிலேயே படாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அரை ஆம்பியர் ஒரு பொருட்டா? ஆனால் இரண்டு மாதத்தில் 165 யூனிட் ஏறியிருக்கும். இப்போதுள்ள மீட்டர்கள் எர்த்துக்குப் போவதையும் சேர்த்தே எண்ணும். மிச்சம் என்று எதைச் சொன்னாரோ தெரியவில்லை.

அந்தப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் எரிவதற்கு ஒரு சின்ன விளக்கும் இருக்கும். பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதத்தை, திருத்தினால் தொழிற்சாலைக்கு லாபம் உண்டு. வீட்டு மீட்டர் யூனிட்டை மட்டும்தான் எண்ணுகிறது, அதில் ஒன்றும் குறையாது. அந்த விளக்கு எரிவதற்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும்.

இன்னொரு வலையும் இருக்கிறது, இது ரொம்ப நாசூக்கானது. கழற்ற மாட்டேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், "பழசு கெட்டுப்போச்சு, புதுசு போடுறேன்" என்று 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். அதற்கப்புறம் விழவே விழாது, உங்களுக்கும் சந்தோஷம். அது தீ விபத்தைத் தடுக்கும், மனிதரைக் காக்காது. ஆகவே மாற்றும்போது முகப்பில் 30mA, அதாவது 0.03A, என்று அச்சாகியிருக்கிறதா என நீங்களே படித்துப் பாருங்கள். மாதம் ஒரு தடவை டெஸ்ட் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். கடல் காற்றில் உள்ளே துருப்பிடித்து இறுகிப்போன கருவி பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

சரி, ஒழுகல் எங்கே? கடலோரத்தில் உப்பு படிந்த தூசு ஈரத்தை உறிஞ்சி, கரண்ட் ஓடும் பாதையாகவே ஆகிவிடுகிறது. முதலில் வெளியில் இருப்பவற்றைச் சந்தேகியுங்கள்: சம்ப் மோட்டார், வாசல் விளக்கு, காலிங் பெல் பொத்தான், கொல்லையில் நிற்கும் வாஷிங் மெஷின். அப்புறம் கீசர். அடுத்த முறை விழும்போது காலில் உலர்ந்த செருப்போடு, எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, பிளக்குகளையும் உருவிவிடுங்கள். (பல வீடுகளில் எம்.சி.பி. நியூட்ரலை வெட்டுவதில்லை, அதனால்தான் பிளக்.) ஆர்.சி.சி.பி.யை ஏற்றிவிட்டு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றி, பிறகு பிளக்குகளையும் ஒவ்வொன்றாகச் செருகினால், எதில் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. எல்லாம் இறக்கியும் நிற்கவில்லை என்றால் அதற்கு மேல் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று ஃபேஸ் வீட்டிலோ, மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டிலோ, இன்வெர்ட்டர் மாட்டியவர் நியூட்ரலைக் கலந்துவிட்டால், ஒரு சொட்டு ஒழுகல் இல்லாமலேயே கருவி விழும். ஒரு கருவி வழியாகப் போன கரண்ட் இன்னொரு கருவி வழியாகத் திரும்பினால் இரண்டுமே ஏமாந்துபோகும். அடையாளம் சுலபம்: அப்படிப்பட்ட வீட்டில் வெயில் காலத்திலும் விழும், பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு லைட்டையோ ஃபேனையோ போட்டதும் விழும். மழையில் மட்டும் விழுந்தால் ஈரம்தான். நியூட்ரல் கலந்திருந்தாலும் தீர்வு அதைப் பிரிப்பதுதான். கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை.

இதையெல்லாம் பார்க்க வேண்டியவர்கள் யார்? மீட்டருக்கு இந்தப் பக்கம் எங்கள் பொறுப்பில்லை என்பார்கள் மின்வாரியத்தார். இணைப்பு கொடுக்கும்போது வாங்கிய வயரிங் சோதனை அறிக்கையோ பல வீடுகளில் வீட்டைப் பார்க்காமலே கையெழுத்தானது. 22 வருடத்தில் அதை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கசிவுப் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2010-லேயே விதி எழுதியாகிவிட்டது; அதை ஒரு பவர் சேவர் வியாபாரி கழற்றச் சொல்கிறார், கேட்க நாதியில்லை. ஆகவே அரசு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வயர் உறை கரண்ட்டை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மெக்கர் கருவியால் ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதித்து அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வரும் பகுதிக்கு வயர் மாற்ற வேண்டியதுதான். மெக்கர் இல்லாமல் கண்ணால் பார்த்தே சொல்கிறேன் என்பவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பில் குறைய வழி வேறு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு உள்ள சலுகை போய்விடும். உங்களுக்குக் குறைய வேண்டியது 40 யூனிட். பழைய 75 வாட் ஃபேனுக்குப் பதிலாக 35 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால், தினம் 15 மணி நேரம் ஓடுகிற ஒன்றிலேயே 36 யூனிட் மிச்சம். இரண்டு மாற்றினால் வேலை முடிந்தது. ஏர் கூலர் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், நம் புழுக்கத்தில் அது ஈரத்தைத்தான் கூட்டும். ஏ.சி.யை 26-ல் வைத்து ஃபேனையும் சுழல விடுங்கள். மழைக்காலத்தில் ஏ.சி. அறையில் துணி காயப்போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். துணியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரையும் ஏ.சி.தான் கரண்ட் செலவழித்து வெளியே தள்ளுகிறது.